சாக்கடைக்குப் போகாத பாதரசம்

மாரிகுப்பம்
9-1-1967

அண்ணாவுக்கு யசோதா எழுதுவது.

அண்ணிக்கு இது ஏழாம் மாசம் என்பதைப் போன கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ நேற்று மழை பெய்தது என்பது போல எழுதியிருக்கிறாய். உன்னை என்ன செய்தால் தகும்? நான் ஒரு நர்ஸ், உன் கூடப் பிறந்தவள், எனக்குச் சொல்ல ஏழு மாசமா? அண்ணியை உப்பைக் குறைக்கச் சொல். கால் வீங்கினால் உடனே எனக்கு எழுது. அந்த ஹட்டிச் சுரங்க ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்கிறார்கள், காய்ச்சி ஆற வைத்துக் கொடு.

இங்கே எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை, நானே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டது. எங்கள் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கால்வாய் உனக்கு ஞாபகம் இருக்கும். வார்டு கழுவிய தண்ணீர், புண் துடைத்த பஞ்சு, லைசால், உடைந்த மருந்துக் குப்பி, எல்லாம் அதில் விழுந்து நேராகக் கீழே தொழிலாளர் வீடுகள் இருக்கும் லைனுக்குப் போகிறது. மேலே வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்புகிறோம், கீழே அதே வீட்டுக்குக் கால்வாய் வழியாக நோயை அனுப்புகிறோம். மூன்று வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டேதான் சம்பளம் வாங்கினேன். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் வார்டு பெருக்கும் ஜெயம்மா தன் பேத்தியைக் கூட்டி வந்தாள். குழந்தை கையில் பளபளவென்று வெள்ளி வளையல். "ஏது ஜெயம்மா?" என்றேன். "வெள்ளி ஏதும்மா எங்களுக்கு? பித்தளைதான். உங்க கால்வாய்ல குண்டு குண்டா பாதரசம் வருதில்ல, அத்தப் பொறுக்கி தேச்சிக்கினு கீது. லைன்ல எல்லா பொண்ணுங்க கையிலயும் இப்ப வெள்ளி வளையல்தான்" என்று சிரிக்கிறாள். வளையலைக் கழற்றி வாங்கிவிட்டு, குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வாரத்துக்கு மூன்று உடையும். ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியும் ஒழுகும். எல்லாவற்றையும் துடைப்பத்தால் கால்வாயில் தள்ளிவிடுவோம். அப்பா தங்கக் கல் அரைக்கும் மில்லில் பாதரசத் தட்டு துடைத்தே கை நடுங்கிப் போனவர். கடைசி வருஷம் அவர் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவாள். அந்த வீட்டில் பிறந்த நான் அதே பாதரசத்தை ஊருக்கு அள்ளி விட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நிறுத்திவிட்டேன். பஞ்சை ஓட்டை போட்ட தார் டின்னில் எரிக்கிறோம். கழுவிய தண்ணீருக்கு ஜெயம்மாவும் நானும் குழி வெட்டி ஜல்லி போட்டிருக்கிறோம். பாதரசத்தைப் பழைய எக்ஸ்ரே பிலிமை மடித்து அள்ளி, புட்டியில் சேர்த்து, வார்டு அலமாரியில் வைக்கிறேன். எனக்குப் பெரிய எதிரி மேட்ரன் மரியகுழந்தையம்மாதான். "ஏம்மா யசோதா, இந்தத் தங்கச் சுரங்க ஊர்ல பாதரசம் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னா பேர் தெரியுமில்ல? தங்கம் திருடுற கூட்டம்னு சொல்லிடுவாங்க. எப்பவும் போல சாக்கடையில விட்டுட்டுப் போயேன்" என்கிறார். எந்த ஊரிலாவது சாக்கடையில் விடுகிறவள் யோக்கியை, விடாதவள் திருடியா? நம் ஊரில்தான்.

அண்ணிக்குக் கேழ்வரகு மாவு அனுப்புகிறேன். பதில் போடு.

யசோதா


ஹட்டி
16-1-67

யசோதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ராணி நலம். மாவு வந்தது.

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சுரங்க ஷிப்டில் என் மனசு நிற்கவில்லை. உனக்கு இந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தவன் யார்? ஒரு நர்ஸுக்குத் திடீரென்று சாக்கடை மேல் அக்கறை வராது. லேபில் ஆர்தர் என்று ஒருவன் இருந்தானே, அவனா? இன்று சேர்த்து வை என்பான், நாளை என்னிடம் கொடு என்பான், நாளை மறுநாள் உன்னை மாட்டிவிட்டு அவன் பங்காருப்பேட்டை ரயிலில் ஏறிவிடுவான். இந்த மாதிரி ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு புட்டி பாதரசத்துக்காக இங்கே ஆட்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள்.

திருட்டுக் கல்லைப் பொடி செய்தால் மட்டும் தங்கம் வந்துவிடாது. பாதரசம் விட்டுப் பிசைந்து, துணியில் பிழிந்து, நெருப்பில் காட்ட வேண்டும். அதனால் திருடனைத் தேடுகிற போலீஸ் தங்கத்தைத் தேட மாட்டான், பாதரசத்தைத்தான் தேடுவான். நீ அதை அலமாரியில் கண்ணெதிரே வைத்திருக்கிறாய்.

இன்றே கொட்டிவிடு. எந்தப் புட்டியில் வைத்திருக்கிறாய்? ஆஸ்பத்திரிப் புட்டியா, வீட்டிலிருந்து எடுத்துப் போனதா? இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

தம்மபாலன்


மாரிகுப்பம்
24-1-1967

அண்ணா,

எனக்கு ஒரு யோசனை தோன்றினால் அதை ஒரு ஆம்பிளைதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அப்படித்தானே? ஆர்தருக்கு ஐம்பத்து மூன்று வயசு. மூத்திரப் பரிசோதனை தவிர அவருக்கு உலகத்தில் எதிலும் ஆசை கிடையாது. உன் புத்தி போகிற போக்கைப் பார்த்தால் எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

நீ ஒருவன்தான் சந்தேகப்படுகிறாய் என்று நினைக்காதே. இங்கே அது தொற்றுநோய் மாதிரி பரவியிருக்கிறது. போன வாரம் நான்கு தெர்மாமீட்டர் உடைந்தது. நான்தான் வேண்டுமென்றே உடைத்துப் பாதரசம் சேர்க்கிறேன் என்று நைட் டியூட்டி நர்ஸுகள் பேசிக்கொள்கிறார்கள். நான் வார்டுக்குள் போனால் தெர்மாமீட்டரை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். சுரங்கக் கம்பெனி வாட்ச்மேன் முனிரத்தினம் நம் வரிசையில் கடைசி வீடு. இத்தனை நாள் "இன்னாம்மா, டூட்டி முடிஞ்சிதா?" என்று கேட்டவர், இப்போது என் கைப்பையைப் பார்க்கிறார், அப்புறம்தான் என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கும் எல்லார் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. ஜெயம்மா அலமாரிப் பக்கம் பெருக்கினால்கூட நின்று கவனிக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து குழி வெட்டியவர்கள். வெட்கமாக இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் டாக்டர் சாம்ராஜ் மட்டும் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். பெங்களூரில் ஆஸ்பத்திரிக் கருவி செய்கிறவர்கள் பழைய பாதரசத்தைச் சுத்தம் செய்து மறுபடி உபயோகிப்பார்களாம். போலீசிடம் முறையாக எழுத்தில் அனுமதி வாங்கி, புட்டியை அனுப்பிவிடலாம் என்கிறார். அனுமதி வந்துவிட்டால் இனி எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சொட்டு கால்வாயில் விழாது. அதுவரை நான் கொட்ட மாட்டேன். வேலை போனாலும் கொட்ட மாட்டேன்.

புட்டியைப் பற்றி ஏன் இவ்வளவு விசாரணை? வீட்டுப் புட்டிதான். அம்மா இருந்தபோது துணிமூட்டை வைத்திருந்த பரண் மூலையில், தகரத்துக்குப் பின்னால் கிடந்தது. நீலக் கண்ணாடி, கண்ணாடி மூடி, நல்ல கனம். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது, மணல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி கால் வீக்கம் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

யசோதா


ஹட்டி
31-1-67

அன்புள்ள தங்கைக்கு,

நான் கோபத்தில் எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. தாயும் தகப்பனும் இல்லாத பெண் தனியாக இருக்கிறாள் என்ற பயம்தான். ராணிக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. உப்பைக் குறைத்திருக்கிறாள்.

நீ செய்வது நல்ல காரியம்தான். யோசித்துப் பார்த்தேன். டாக்டரே சொல்லும்போது நான் யார் தடுக்க? ஆனால் அந்த நீலப் புட்டி வேண்டாம். அது எலி மருந்து வைத்திருந்த புட்டி. அப்பா வாங்கி வந்தது. விஷம் கலந்த பாதரசத்தை பெங்களூர்க்காரன் திருப்பி அனுப்பிவிட்டால் உனக்குத்தான் கெட்ட பேர். நல்ல மருந்துப் புட்டி ஒன்றில் மாற்றிக்கொள். நீலப் புட்டியை உடைத்து, கோரமண்டல் பக்கம் மூடிக் கிடக்கிற பழைய சுரங்கக் குழி ஷாப்டில் போட்டுவிடு. குப்பையில் போடாதே, குழந்தைகள் எடுக்கும். முடிந்தால் பழைய பாதரசத்தையும் அதிலேயே கொட்டிவிட்டு, புதிதாகச் சேர்க்க ஆரம்பி. கொஞ்சம்தானே.

இதை மட்டும் அண்ணனுக்காகச் செய். செய்துவிட்டேன் என்று ஒரு கார்டு போடு.

தம்மபாலன்


மாரிகுப்பம்
6-2-1967

அண்ணா,

இரண்டரை வருஷத்தில் நீ என்னை "அன்புள்ள தங்கை" என்று எழுதியது இதுதான் முதல் தடவை. படித்தவுடனே எனக்குச் சந்தேகம் தட்டியது. உன் முந்தின கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

முதலில், புட்டி ஆஸ்பத்திரியுடையதா வீட்டுடையதா என்று கேட்டாய். பாதரசம் வைத்திருப்பது தப்பென்றால் எந்தப் புட்டியாக இருந்தால் என்ன? இரண்டாவது, "இங்கே ஆட்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள்" என்று எழுதியிருக்கிறாய். இங்கே என்றால் ஹட்டியிலா? ஹட்டியில் அந்த ஆட்களை உனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது, எலி மருந்து. அப்பா எலியைக் கூட அடிக்க விடமாட்டார், கூண்டு வைத்துப் பிடித்து மேட்டில் கொண்டு போய் விடுவார். பஞ்ச சீலத்தில் கொல்லாமைதான் முதல் சீலம் என்று நமக்கு மனப்பாடம் செய்ய வைத்தவர், நஞ்சு வாங்கி வந்து பரணில் வைத்தாராம். இதை என்னிடம் சொல்கிறாய்.

எதையோ மறைக்கிறாய். என்னவென்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

புட்டியை மாற்ற முடியாது. சனிக்கிழமை டாக்டர் சாம்ராஜ் அதன் மூடியில் அரக்கு வைத்து முத்திரை குத்திவிட்டார். அனுமதிக்கு மனு போயிருக்கிறது. சாவி மேட்ரனிடம் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பெங்களூர் போய்விடும்.

யசோதா


மாரிகுப்பம்
15-2-1967

அண்ணா,

நேற்று மத்தியானம் போலீஸ் வந்து புட்டியை எடுத்துப் போய்விட்டார்கள்.

மேட்ரனுக்குப் பேர் போடாத மொட்டைக் கடிதாசி ஒன்று வந்திருக்கிறது. அலமாரியில் உள்ள நீலப் புட்டியை அன்றைக்கே சாக்கடையில் கொட்டி உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குத் தகவல் போகும் என்று எழுதியிருந்ததாம். மரியகுழந்தையம்மா கொட்டவில்லை. கொட்டிவிட்டால் தடயத்தை அழித்தாள் என்று தன்னையும் சேர்த்துக்கொள்வார்களோ என்று பயந்து, அவரே கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டார். "நான் புள்ள குட்டிக்காரிம்மா, இன்னா பண்றது" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறார்.

வார்டில் எல்லார் எதிரிலும் என் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து அம்மியைப் புரட்டிப் பார்த்தார்கள். முனிரத்தினம் வெளியே நின்று தெருவுக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதரசத்தை, தங்கம் எவ்வளவு என்று சோதிக்கும் அஸே ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தங்கத்தோடு புழங்கிய பாதரசத்தில் எப்படியும் கொஞ்சம் தங்கம் தங்கியிருக்குமாம், ஆஸ்பத்திரிப் பாதரசத்தில் இருக்காதாம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "ஒண்ணுமில்லேன்னு வந்தா நீங்க நாளைக்கே டூட்டியில சேரலாம்மா" என்றார். அதனால் எனக்குப் பயமில்லை. அதுவரை வேலையில்லை. இது யார் செய்த வேலை என்று தெரிந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்.

யசோதா


ஹட்டி
21-2-67

யசோதா,

முனிரத்தினமாகத்தான் இருக்கும். அவனுக்கு நம் குடும்பத்தின் மேல் எப்போதும் ஒரு கண். இல்லையென்றால் ஜெயம்மா. அவளைத் தவிர யாருக்கு அலமாரி தெரியும்?

கவனமாகக் கேள். அஸே முடிவு வருவதற்கு முன்னாலேயே நீ போய் ஒரு வாக்குமூலம் கொடு. புட்டி வீட்டில் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருந்தால் பதட்டத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல். ஆஸ்பத்திரிக் குப்பைமேட்டில் கிடந்தது, எடுத்துக் கழுவினேன், அவ்வளவுதான். குப்பைமேட்டில் கிடந்த புட்டிக்கு யாரும் பொறுப்பில்லை.

என் பேரை எங்கும் எடுக்காதே. ராணிக்கு நாள் நெருங்கிவிட்டது. இந்தச் சமயத்தில் இங்கே போலீஸ் வந்தால் அவள் தாங்க மாட்டாள். எனக்கு எழுதுவதையும் கொஞ்ச நாள் நிறுத்து.

த.


மாரிகுப்பம்
6-3-1967

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

அஸே முடிவு வந்துவிட்டது. பாதரசத்தில் தங்கம் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் படித்தபோது எனக்குக் காதே கேட்கவில்லை. காய்ச்சல்காரர்களின் அக்குளில் இருந்த பாதரசத்தில் தங்கம் எப்படி வரும்? டாக்டர் சாம்ராஜ் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் செத்தாலும் மறக்காது. எனக்காக முத்திரை குத்தினவர். இப்போது அவருக்கும் நான் திருடி.

"இது யாருக்காகச் சேர்த்தீங்கம்மா, பேரைச் சொல்லிடுங்க" என்று மூன்று நாளாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இந்த மாதம் முடிவதற்குள் சொல்லாவிட்டால் என் மேல் கேஸ். கேஸ் என்றால் நர்ஸ் வேலை போச்சு, இந்த ஊரில் எந்த வேலையும் போச்சு.

ஆஸ்பத்திரியில் என் தார் டின்னை உருட்டிக் கால்வாயிலேயே தள்ளிவிட்டார்களாம். பஞ்சும் பாதரசமும் பழையபடி கீழ் லைனுக்குப் போகிறது. ஜெயம்மா வந்து சொல்லிவிட்டு அழுதாள். "யாராச்சும் குழியில ஊத்தலாம்னு சொன்னா, உனக்கும் யசோதா மாதிரி தங்கம் வேணுமான்னு கேட்டு சிரிக்கிறாங்கம்மா" என்றாள். என் பேரே இப்போது அங்கே ஒரு கேலியாகிவிட்டது. இனி பத்து வருஷத்துக்கு எவளும் அந்தக் கால்வாயைப் பற்றி வாய் திறக்க மாட்டாள்.

ஜெயம்மாவைச் சொன்னாய் அல்லவா? முனிரத்தினத்தைச் சொன்னாய் அல்லவா? போன வெள்ளிக்கிழமை சம்பளப் பாக்கிக்கு எழுதிக் கொடுக்க மேட்ரன் அறைக்குப் போனேன். மரியகுழந்தையம்மா எந்தக் காகிதத்தையும் வீணாக்க மாட்டார். வந்த கவரைப் பிரித்து, அதன் உட்பக்கத்தில் சலவைக்குப் போன படுக்கை விரிப்புகளை எழுதி வைத்திருந்தார். திருப்பினேன். முன்பக்கத்தில் அவர் பேர், இடதுகைக்காரன் எழுத்து. நீ இடதுகையால் எழுதிப் பார்த்தாயா? தபால் முத்திரையை மறந்துவிட்டாயே. லிங்கசுகூர், பிப்ரவரி 10. ஹட்டித் தபால் எல்லாம் அந்த முத்திரையோடுதான் எனக்கும் வருகிறது. நீலப் புட்டி என்று நான் எழுதியது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

அந்தக் கவர் இப்போது என்னிடம் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. நீ உண்மையை எழுது. ஒரு பொய் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், இத்தனை நாளில் எனக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

யசோதா


ஹட்டி
12-3-67

யசோதா,

உனக்கு மருமகள் பிறந்திருக்கிறாள். ஐந்து நாள் ஆகிறது. ஐந்து பவுண்டு இருக்கிறாள். ராணி எழுந்து உட்கார்கிறாள்.

கேட்டாய், சொல்கிறேன். புட்டி என்னுடையது. அறுபத்து ஒன்றில் தொடங்கினேன். சுரங்க லெவலில் எப்போதாவது தங்கம் கண்ணில் படுகிற மாதிரி நல்ல கல் கிடைக்கும். ஒரு துண்டை உடம்பில் ஒளித்து, கேஜ் லிப்டில் ஏறி மேலே கொண்டு வருவேன். எப்படி, எங்கே ஒளித்தேன் என்பதெல்லாம் உனக்கு வேண்டாம். நீ ஆஸ்பத்திரிப் படிப்புக்கு வெளியூரில் தங்கியிருந்தாய். அம்மாவின் அம்மியிலேயே அரைத்தேன். பாதரசம் விட்டுப் பிசைந்து, அவள் பழைய புடவைத் துணியில் பிழிந்து, நம் வீட்டு அடுப்பிலேயே கரண்டியில் வைத்துக் காட்டுவேன். பாதரசம் புகையாகப் போய்விடும், மஞ்சளாக ஒரு பொட்டு நிற்கும். பிழிந்த பாதரசம் மறுபடி அந்தப் புட்டிக்குப் போகும், அடியில் நீ பார்த்த சாம்பல் நிறம் அதன் மிச்சம்தான். இரண்டு வருஷம் இப்படி. அம்மா என்னடா என்று கேட்டால் பித்தளை விளக்குக்குப் பாலிஷ் என்பேன். நம்பினாளா தெரியாது.

அறுபத்து நாலில் என் கூட்டாளி ஒருவனைப் பிடித்தார்கள். அவன் என் பேரைச் சொல்வதற்கு முன்னால் ஹட்டிக்கு வந்துவிட்டேன். நல்ல சம்பளம் என்று உன்னிடம் சொன்னது பொய். அவசரத்தில் புட்டியை மறந்துவிட்டேன்.

நீ அதைத்தான் எடுத்துப் போயிருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்கு உயிரே இல்லை. நீ கொட்ட மாட்டேன் என்றாய். மேட்ரன் பயந்தாங்கொள்ளி என்று நீ எழுதியதிலேயே தெரிந்தது, மிரட்டினால் கொட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் போலீசுக்கு ஓடுவார் என்று நான் கண்டேனா? உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன். என்னையும்தான். இரண்டும் உண்மை.

இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். சத்தியமாக. இனி நீ என்ன செய்ய வேண்டும் என்றால், குப்பைமேடு என்று நான் சொல்லிக் கொடுத்ததையே பிடித்துக்கொள். முதல் தடவை, பெண்பிள்ளை, நர்ஸ், எச்சரித்து விட்டுவிடுவார்கள். வேலை போனால் இங்கே வந்துவிடு, நான் சோறு போடுகிறேன். என் மேல் வந்தால் பல வருஷம். குழந்தை முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், அவளுக்கு அப்பா வேண்டும்.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. கவரையும்.

தம்மபாலன்


மாரிகுப்பம்
20-3-1967, திங்கள்

அண்ணா,

கிழிக்கவில்லை. உன் கடிதத்தை இன்று காலை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். கவரையும் கொடுத்துவிட்டேன்.

கடிதம் வந்து மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தேன். முதல் நாள் உன் மேல் ஆத்திரம். இரண்டாம் நாள் குழந்தையை நினைத்து அழுதேன், கிழித்துவிடலாம் என்று அடுப்பு வரைக்கும் போனேன். அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா அங்கேதான் படுப்பாள். குளிருக்கு அடுப்போரம்தான் வேண்டும் என்பாள். கடைசி வருஷம் ஈறில் ரத்தம் வந்தது, பல் ஆடியது, கை நடுங்கியது. அப்பாவின் துணியைப் பல வருஷம் துவைத்ததால் வந்தது என்று பெரிய நர்ஸ் மாதிரி நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். அப்பா மில்லை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. உனக்கு இது தோன்றவே இல்லையா? கடிதத்தில் புகையாகப் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். எங்கே போகும் அண்ணா? ஒரே அறை வீடு.

உன்மேல் எனக்குப் பழி தீர்க்கும் எண்ணம் இல்லை. நீ வேண்டுமென்று அம்மாவைக் கொல்லவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியும் வேண்டுமென்று லைன் பிள்ளைகளுக்கு நஞ்சு வைக்கவில்லை. எல்லாரும் கண்ணுக்கு மறைவாகப் போனால் சரி என்று இருந்துவிட்டோம். நான் திருடி என்று ஒப்புக்கொண்டால், பாதரசத்தைச் சாக்கடைக்கு விடாமல் சேர்த்தவள் திருடி என்று ஆகிவிடும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உனக்காகக் கூட மாட்டேன்.

விட்டுவிட்டேன், சத்தியமாக என்று எழுதியிருக்கிறாய். "இங்கே ஆட்கள்" என்று எழுதியதும் நீதான். எனக்கு உன் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை. மூன்று நாளாக நான் தூங்காதது அதனால்தான். உன் வீட்டு அடுப்பில் என்ன எரிகிறது அண்ணா? பதின்மூன்று நாள் குழந்தை அந்த வீட்டில் மூச்சு விடுகிறது. இதை யோசித்த பிறகுதான் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டரிடம் முதலில் கேட்டதும் உன் வீட்டு அடுப்பைப் போய்ப் பார்க்கச் சொல்லித்தான், என் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

அண்ணியிடம் இதை நீயே சொல். சொல்லி, அவளையும் குழந்தையையும் இங்கே அனுப்பு. வீட்டுக்குள் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பழைய அடுப்பை ஜெயம்மாவும் நானும் இடித்து எடுத்துவிட்டோம், வாசலில் புதிது போட்டிருக்கிறோம். குழந்தையை நான் வளர்க்கிறேன். அவளுடைய அப்பா எங்கே என்று கேட்டால் உள்ளதைச் சொல்வேன்.

உங்கள் ராய்ச்சூர் ஜில்லாப் போலீசிடம் உத்தரவு வாங்க வேண்டுமாம். அதை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருவார்கள். இன்ஸ்பெக்டர் இதை என்னிடம் சொன்னது எனக்குத்தான், உனக்குச் சொல்ல அல்ல. ஆனாலும் இந்தக் கடிதத்தை இன்றே தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் கைக்குக் கிடைத்துவிடும். நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அந்த ஒரு நாளை நீ ஓடுவதற்காக நான் கொடுக்கவில்லை. நீயே ஸ்டேஷனுக்கு நடந்து போய் உன் பேரைச் சொல்வதற்காகக் கொடுக்கிறேன்.

யசோதா